ரங்கூனுக்கு வந்த பிரெஞ்சு ராஜா

நாடகக் கம்பெனியில் வாத்தியார் என்ற பட்டத்தோடு கதை எழுதிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: அந்தத் தொழிலில் எழுதுவது சின்ன வேலை, எழுதியதை ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பெரிய வேலை.

உடுப்புக்கு ஒரு கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நான் இருந்த கம்பெனி, ரங்கூனில் போட்டாதாங் பேட்டையில் ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நாடகம் போட்டது. நாற்காலியில் கடைக்காரர்களும் மேஸ்திரிகளும். தரை டிக்கெட்டில், ஜெட்டி என்ற கப்பல்துறையில் மூட்டை தூக்குகிறவர்கள். முதலாளி அய்யாவு பிள்ளை, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார நாடகக் கோஷ்டியின் உடுப்புப் பெட்டியை ஏலத்தில் எடுத்துவிட்டார். சரிகைக் கோட்டு, முழங்கால்வரை கால்சட்டை, வெள்ளைப் பொய்முடி. இதை மாட்டிக்கொண்டு நம் புராணத்து ராஜாக்கள் காட்டுக்குப் போக முடியாது. "வாத்தியாரே, இந்த உடுப்புக்குப் பொருத்தமாக ஒரு கதை எழுதும்" என்றார். உடுப்புக்குக் கதை எழுதிய அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். எனக்கு அதுதான் முதல் தடவை.

பிரெஞ்சு தேசத்துக் கதையைச் சொன்னேன். ராஜா வாயில் வந்ததுதான் சட்டம். பிரபுக்களும் பாதிரிமாரும் அநேகமாக வரி கட்டுவதே இல்லை; உழுகிறவன் அவர்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறான். ரொட்டி விலை ஏறி ஜனங்கள் பட்டினி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் எழுந்து பாஸ்டில் என்ற சிறைக்கோட்டையை உடைக்கிறார்கள். பெண்கள் மழையில் நடந்து அரண்மனைக்கே போய் ராஜாவைப் பட்டணத்துக்கு இழுத்து வருகிறார்கள். கடைசியில் ராஜாவின் தலையே போகிறது. சொல்லி முடித்தேன். முதலாளி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"எல்லாம் சரி. இதில் ராஜாவுக்கு எத்தனை பாட்டு?"

ராஜபார்ட்டின் தலை

ராஜபார்ட் சிங்காரம் மேடையில் மட்டும் ராஜா அல்ல. கம்பெனி வீட்டில் குளிக்க வெந்நீர் முதலில் அவருக்கு. மீன் குழம்பில் நடுத்துண்டு அவருக்கு. அவர் தூங்கி எழும்வரை ஆர்மோனியக்காரன் சுருதி சேர்க்கக்கூடாது. மற்ற நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரைச் சுமந்தோம். பிரெஞ்சு ஜனங்களின் கஷ்டத்தைப் புஸ்தகம் பார்த்துப் படிக்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

தச்சு வேலை பார்த்த பர்மியர் கோ டின், தலை வெட்டும் யந்திரத்தைத் தேக்கில் அழகாகச் செய்து நிறுத்தியிருந்தார். சிங்காரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கத்தி வெறும் தகரம்தான் என்றேன். தலை குனிந்தால் பொய்முடி விழும் என்றார். கட்டிவிடலாம் என்றேன். அதற்குமேல் பொறுக்காமல் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"என் தலை போய்விட்டால் கடைசியில் மங்களம் யார் பாடுவது?"

நாலு பேர் புரட்சி

நாடகத்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரி நம்மவர்தான். அதனால்தான் பயம் அதிகம். வெள்ளைக்காரத் துரையாக இருந்தால் பிரெஞ்சுக்காரனுக்கு வந்த கேடு என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார். இவர் ஒவ்வொரு வரியிலும் தனக்கு வேலை போவதைப் பார்த்தார். 'சுதந்திரம்' என்று வந்த இடத்தில் 'சந்தோஷம்' என்று மாற்றச் சொன்னார். "சந்தோஷம் எங்கள் பிறப்புரிமை" என்று ஜனங்கள் முழங்குவதாக ஆயிற்று.

கோட்டையை உடைக்கும் காட்சிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனை பேர் உடைக்கிறார்கள் என்று கேட்டார். பட்டணமே திரண்டு வருகிறது என்றேன். அவருக்கு வியர்த்துவிட்டது.

"நாலு பேர் உடைக்கட்டும். ஐந்தாவது ஆள் வந்தால் அது சட்டவிரோதக் கூட்டம்."

மேஸ்திரியின் திருத்தம்

நாடகத்துக்குப் பணம் போட்டவர் வீரப்ப மேஸ்திரி. ஜெட்டியில் பாதி ஆட்கள் அவர் ஊரிலிருந்து பிடித்து வந்தவர்கள். அவர்களைக் கிடங்கு மாதிரி ஒரு வீட்டில் அடைத்து, புழுத்த நொய்யைப் பொங்கிப் போட்டார். எங்கள் நடிகை அமிர்தத்தின் புருஷனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவன் கொண்டுவந்த நொய்யை அவள் ஒருநாள் முறத்தில் பரப்பிக் காட்டினாள்; அரிசிக்கு முன்னால் புழுதான் நகர்ந்தது.

ஒத்திகை பார்க்க வந்த மேஸ்திரி, அமிர்தம் தலைமையில் பெண்கள் ரொட்டி கேட்டு அரண்மனைக்குப் போகும் காட்சியில் கையை உயர்த்தி நிறுத்தினார். முடிவை மாற்றச் சொன்னார். பெண்கள் ராஜா காலில் விழ வேண்டும், ராஜா மன்னிக்க வேண்டும், சுபம். ரொட்டி கேட்டவர்களை எதற்காக மன்னிப்பது என்று நான் கேட்டேன். முதலாளி என் காலை மிதித்தார். சிங்காரத்துக்கு முகமெல்லாம் பல். தலையும் மிச்சம், மங்களமும் மிச்சம்.

"பசி என்று சொல்லுகிறவன் நாளைக்கு வேறு எதை வேண்டுமானாலும் சொல்லுவான், வாத்தியாரே. முளையிலேயே மன்னித்துவிட வேண்டும்."

அரண்மனை வாசல்

அரங்கேற்றத்தன்று கொட்டகை நிரம்பி வழிந்தது. முன்வரிசை நடுவில் மேஸ்திரி, கழுத்தில் மாலையோடு. நாலு பேர் கோட்டையை உடைத்தபோது தரை டிக்கெட்டில் சிரிப்பு. கடைசிக் காட்சி வந்தது. சிங்காரம் சிம்மாசனத்திலிருந்து பாதத்தை வசதியாக முன்னால் நீட்டி வைத்துக்கொண்டார். மற்றப் பெண் வேஷக்காரர்கள் விழுந்தார்கள். அமிர்தம் நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து நான் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் புருஷன் தரையில் நடுவில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே மேஸ்திரியின் முதுகு. இனி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் எழுதியதில் இல்லாத ஒன்றை, மெதுவாக, வீட்டில் பேசுவதுபோல் பேசினாள்.

"காலில் விழத்தான் வேண்டுமென்றால் எங்கள் தெருவிலேயே எத்தனையோ கால் இருந்ததே. இவ்வளவு தூரம் ஏன் நடந்து வந்தோம்?"

மறுநாள்

தரை டிக்கெட் முழுக்க எழுந்து நின்றது. அடிதடி ஒன்றுமில்லை, சும்மா எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். மேஸ்திரி மாலையோடு வெளியேறினார். சிங்காரம் மங்களம் பாட வாயைத் திறந்தார், ஆர்மோனியக்காரன் வாசிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் செய்த ஒரே துணிச்சலான காரியம் அது.

காலையில் கப்பலுக்கு அரிசி மூட்டை ஏற்ற வேண்டும். ஆட்கள் ஜெட்டிக்கு வந்தார்கள், மூட்டைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கவில்லை. தாங்கள் ஏற்றுகிற அரிசியில் தங்களுக்கும் பொங்கினால் எழுந்திருப்பதாகச் சொன்னார்கள். கப்பல் காத்திருக்காது. மத்தியானத்துக்குள் நல்ல அரிசி வந்தது, மூட்டையும் ஏறியது. புழுத்த நொய் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன். மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. அமிர்தத்தின் புருஷனுக்கு அன்றே சீட்டுக் கிழிந்தது. அய்யாவு பிள்ளை அவளையும் என்னையும் ஒரே வாக்கியத்தில் அனுப்பினார்.

மோல்மேன் ஊரில் வேறொரு நாடகக் கம்பெனியில் அவளுக்கு இடம் கிடைத்தது; அவர்களைக் கப்பலில் ஏற்றிவிடப் போனேன். புதுக் கம்பெனி எப்படி இருக்குமோ என்றேன். அமிர்தம் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அங்கேயும் கொட்டகை இருக்கும், வாத்தியாரே. அங்கேயும் காலை நீட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான்."

பிரெஞ்சுக்காரர்கள் நிஜ ராஜாவை இறக்க என்ன பாடுபட்டார்களோ தெரியாது; எங்கள் ரங்கூனில் பொய்முடி ராஜாவை இறக்கியதற்கே எனக்கு ஆறு மாதம் சோற்றுக்குத் தாளம்.