துணிச் சாமான் என்று எழுதினேன்

மூன்று வருடங்களுக்கு முன், மாரி மழை பிடிக்கத் தொடங்கிய ஒரு நாள், கல்முனையில் உள்ள என் சிறிய அலுவலகத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். கப்பலில் வரும் சாமான்களுக்குச் சுங்கப் பத்திரம் நிரப்பி, கொழும்புக்குப் போய் அவற்றை எடுத்துக்கொடுப்பதுதான் என் தொழில். எங்கள் பக்கம் இதைச் செய்பவர்கள் குறைவு என்பதால் கடைக்காரர்கள் பலருக்கும் என்னைத் தெரியும். டீச்சர் வியாபாரி அல்ல. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், அண்ணன் முறையில் என்னைக் 'காக்கா' என்று கூப்பிடுவார். பக்கத்து ஊர்ப் பெண்கள் பாடசாலையில் மனையியல் படிப்பிக்கிறவர்.

கடையில் மாதவிடாய்ப் பேட் விலை ஏறியதிலிருந்து, அவருடைய வகுப்பில் சில பிள்ளைகள் மாதாமாதம் மூன்று நான்கு நாள் வராமல் நின்றுவிடுகிறார்களாம். அதனால் கழுவிக் காயவைத்துத் திரும்பவும் பாவிக்கக்கூடிய பேட்களை, பழைய மாணவிகளோடு சேர்ந்து வெளிநாட்டிலிருந்து எடுப்பித்திருந்தார். முதலில் எட்டுப் பெட்டி. சரிவந்தால் நாவிதன்வெளிப் பக்கத்துப் பாடசாலைகளுக்கும் கொடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். இதையெல்லாம் அவர் ஒரு கூச்சமும் இல்லாமல்தான் சொன்னார். நான்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் எதிரே தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது ஒரு சிறிய பொதியை மேசையில் வைத்தார்.

"மாதிரிக்கு ஒண்டு கொண்டுவந்திரிக்கன் காக்கா. மேல பருத்தி, உள்ளுக்கு உறிஞ்சுற துணி, அடியில பிளாஸ்டிக் பூசின துணி. பிரிச்சுப் பார்த்துட்டு எழுதுங்க. விளங்காட்டி கோல் எடுங்க."

"ஓம் டீச்சர், நான் பாக்கன்" என்றேன்.

பார்க்கவில்லை. அவர் வெளியே போனதும் பொதியை அப்படியே மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டேன்.

தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. சுங்க வரிப் புத்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் உண்டு. பலதும் கலந்து செய்த சாமான் என்றால் சில நேரம் மண்டை காய்ந்துவிடும். பருத்தி கூடவா, பிளாஸ்டிக் கூடவா, எதை வைத்து முடிவு செய்வது என்று யோசிக்க வேண்டும். ஆனால் பேட், குழந்தைகளின் நப்பி போன்றவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எதனால் செய்திருந்தாலும் அவை எல்லாம் ஒரே தலைப்பின் கீழ்தான் வரும். அந்த வரியை நான் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். இருந்தும் பேட்டுக்கு அதில் உள்ள பெயரை, 'சுகாதாரத் துவாய்' என்று என் கையால் எழுதி, அந்தப் பத்திரத்தை ஒவ்வொரு மேசையாக நீட்ட எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பருத்திதானே கூட என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லி, 'பருத்தித் துணிச் சாமான்' என்று எழுதி, அதற்குரிய இலக்கத்தைப் போட்டேன். டீச்சர் என்னை நம்பி, வாசித்துப் பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

கொழும்பில் பெட்டியைத் திறந்தவுடனேயே பிடிபட்டது. பரிசோதித்தவர் ஒரு பெண் அதிகாரி. ஒரு பேட்டைக் கையில் எடுத்து, "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். துணி என்றேன். இன்னொரு தரம் கேட்டார். அப்போதும் அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. பொருளை மறைத்து எழுதியிருக்கிறது என்று பெட்டிகளை நிறுத்திவைத்துவிட்டு, உரியவரைக் கூட்டி வரச் சொன்னார்.

அடுத்த கிழமை டீச்சர் லீவு போட்டுவிட்டு, தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. டீச்சருக்குச் சிங்களம் மட்டுமட்டு. நடுவில் நான்தான் மொழிபெயர்த்தேன்.

டீச்சர் ஒரு பேட்டை விரித்து, வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒவ்வொரு மடிப்பாகக் காட்டினார். எந்தப் பிள்ளைகளுக்காக எடுப்பித்தது என்றும் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம் இளகியது. பிறகு அவர் என்னிடம் திரும்பி, இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர் பத்திரத்தில் ஏன் துணி என்று போட்டார், அப்படி எழுதச் சொன்னது யார் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. ஆனால் இந்தத் தொழிலுக்கான என் அனுமதிப்பத்திரம் போய்விடுமே என்ற பயம் வந்தது. டீச்சர்தான் துணி என்று சொன்னார் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

அதிகாரி டீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

"என்ன கேக்காங்க காக்கா?"

"ஒண்டுமில்ல டீச்சர். எங்க வாங்கின எண்டு கேக்காங்க."

மத்தியானம் ஊருக்குத் திரும்ப, புறக்கோட்டையில் பஸ்ஸுக்காக நின்றோம். உம்மா ஒரு கடையோரமாக உட்கார்ந்திருந்தார். அதிகாரியிடம் நான் சொன்ன சிங்களச் சொற்கள் இரண்டை, டீச்சர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"காக்கா, 'ரெதி' எண்டா துணிதானே?"

"ஓம் டீச்சர்."

"'கிவ்வே' எண்டா சொன்ன எண்டுதானே?"

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன். அவர் ஏசவில்லை. உம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பி, வந்து நின்ற பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் போய் இருந்துவிட்டார். சுங்க அலுவலகம் மூட இன்னும் நேரம் இருந்தது. ஓர் ஓட்டோ பிடித்தால் கால் மணித்தியாலத்தில் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

தண்டம் டீச்சரின் பெயரில் வந்தது. அதை நான் கட்டினேன். பெட்டிகள் கைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேலாகி, அந்த வருடத்துப் பாடசாலையே முடிந்திருந்தது. அதற்குள் ஊரில் கதை பரவிவிட்டது. "டீச்சர் சாமான ஒளிச்சு எறக்கினவவாம்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இனிப் பாடசாலையின் பெயரில் இப்படி எதுவும் செய்ய வேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டாராம். நாவிதன்வெளிப் பிள்ளைகளுக்கான திட்டம் அத்தோடு நின்றுபோனது.

நோன்புக்கு முந்திய கிழமை டீச்சரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவரும் இருந்தார். பிரிக்காமல் வைத்த பொதியில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அல்லாஹ்வுக்காக மன்னிச்சிட்டன் காக்கா" என்றார் டீச்சர். பிறகு, "ஆனா அந்தக் கஸ்டம்ஸ் பொம்புள இப்பவும் என்னக் கள்ளி எண்டுதானே நெனச்சிட்டு இரிப்பா?" என்றார்.

மறுநாளே கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். அங்கிருந்தவர் கடிதத்தை வாசித்து, என்னைக் கண்டித்துவிட்டுக் கோப்பில் போட்டார். என் அனுமதிப்பத்திரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு சின்ன விடயத்துக்கா அப்படிப் பயந்தேன் என்று யோசித்தபடி படியிறங்கினேன்.

டீச்சர் அதற்குப் பிறகு என் அலுவலகத்துக்கு வரவே இல்லை. வழியில் கண்டால் என் ஸலாத்துக்குப் பதில் சொல்வார், நிற்கமாட்டார். இப்போது எந்தச் சாமான் வந்தாலும் பிரித்துப் பார்த்து, கேட்டு, அதன் பெயரைத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு சொல்லை எழுதக் கூசிய எனக்கு, ஒரு பொய்யைச் சொல்லக் கூச்சமே வரவில்லையே என்பது இன்றும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.