தோலோடு தோலாக

சித்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வந்தது என் தாடைதான்.

சித்தி அம்மாவின் தங்கை. பாலக்கரையில் எங்களோடுதான் இருந்தாள். அவளுடைய இடது காதுக்குக் கீழே, தாடை கழுத்தோடு சேரும் இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெண்புள்ளி வந்திருந்தது. அது யாருக்கும் ஒட்டாது, உடம்புக்கும் ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பின்னலை இடப்பக்கமாக முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அப்படியும் பார்க்க வந்தவர்கள் அதைக் கண்டுபிடித்ததால் வரன்கள் தட்டிப்போயின. இந்த வரனாவது நிலைக்க வேண்டுமென்றால் மேக்கப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள்.

மேக்கப் வாங்கச் சித்தியையே அழைத்துப் போனால் கடையில் இருப்பவர்கள் புள்ளியைப் பார்த்துவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். வீட்டில் சித்தியின் அதே மாநிறம் எனக்கு மட்டும்தான். அதனால் மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த ஃபேன்ஸி ஸ்டோருக்கு என் தாடை போனது. கூடவே நானும் போனேன்.

கடைக்காரப் பெண் என் தாடையில் வரிசையாகக் கோடு இழுத்தாள். "ரெண்டு ஷேடு தூக்கலா போட்டாதாங்க எடுப்பா இருக்கும்" என்றாள்.

"எடுப்பால்லாம் வேணாம்மா. போட்டதே தெரியக் கூடாது. தோலோட தோலா இருக்கணும்" என்றாள் அம்மா.

டியூப்லைட் வெளிச்சத்தை நம்ப முடியாது என்று என்னை வாசலுக்கு இழுத்து வந்து வெயிலில் நிறுத்தினாள். தள்ளுவண்டிக்காரர்களும் துணிக்கடைக் கூட்டமும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு கோடு மட்டும் எங்கே இருக்கிறதென்று அம்மாவுக்கே தெரியாமல் போனது. "இதுதான். அப்படியே சித்தி நெறம்" என்று நிம்மதியாகச் சொன்னாள்.

எனக்குத்தான் நிம்மதி போனது. அப்படியே சித்தி மூக்கு, அப்படியே சித்தி நிறம் என்று சொன்னபோதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் புள்ளியும் எனக்கு அப்படியே வந்துவிடுமோ என்று தோன்றிவிட்டது. தினமும் பல் தேய்த்த கையோடு கண்ணாடி முன்னால் நின்று காதுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடும் என்று ஒரு பயம்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. முதல் தடவை அம்மா பூசியது திட்டாக நின்று, வெள்ளைப் புள்ளி போய் அந்த இடத்தில் பழுப்புப் புள்ளி வந்த மாதிரி இருந்தது. பிறகு ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். கொஞ்சமாக எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி ஓரத்தைக் கரைக்க வேண்டும், காயவிட்டு மேலே பவுடர் போட வேண்டும். சித்தி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். வலிக்காத ஊசியைப் போட்டுக்கொள்கிறவள் போல எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெண் பார்ப்பது ஸ்ரீரங்கத்தில், தாயார் சன்னதிப் பிராகாரத்தில் என்று ஏற்பாடு. இரண்டு குடும்பமும் தற்செயலாகக் கோவிலில் சந்தித்துக்கொண்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதோடு போய்விடலாம், யாருக்கும் சங்கடமில்லை. தாயார் சன்னதியில் கொடுக்கும் மஞ்சளை முகத்தில் பூசக் கூடாது என்று அம்மா சித்தியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். என் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். மேக்கப் கலைகிற மாதிரித் தெரிந்தால் நான் சித்தியிடம் போய் "தண்ணி வேணும்" என்று கேட்க வேண்டும். சித்தி என்னை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சரிசெய்துகொள்வாள்.

அன்று அம்மாவும் சித்தியும் புடவை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்த டியூபைப் பிதுக்கி என் இடது காதுக்குக் கீழேயும் பூசிக்கொண்டேன். பஞ்செல்லாம் எனக்குத் தெரியாது, விரலால் அப்பினேன். ரெட்டைச்சடை மறைத்ததால் அம்மா கவனிக்கவில்லை.

வியர்க்காமல் இருக்க ஆட்டோவில் போனோம். ஆனாலும் பிராகாரத்தில் புழுக்கம். பையன், பையனின் அம்மா, அத்தை என்று மூன்று பேர் தற்செயலாக வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் வெயிலைப் பற்றியும் கூட்டத்தைப் பற்றியும் பேசினார்கள். நான் சித்தியின் கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு வியர்வைத் துளி காதோரத்தில் உருண்டு மெல்ல இறங்கியது.

"சித்தி, தண்ணி வேணும்" என்றேன்.

பாட்டில் என் கையிலேயே இருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். அம்மா பல்லைக் கடித்தாள். சித்தி என்னைத் தூணோரமாகக் கூட்டிப் போய்க் குனிந்தாள். குனிந்தவள் என் சடையை ஒதுக்கினாள்.

"என்னடி இது?"

"எனக்கும் வரும்ல சித்தி. வந்தா யாரும் பாக்கக் கூடாதுல்ல. அதான் இப்பவே போட்டுக்கிட்டேன்."

சித்தி சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து முந்தானையை நனைத்து என் காதுக்குக் கீழே நன்றாகத் துடைத்தாள். முந்தானையை மறுபடி நனைத்துத் தன் காதுக்குக் கீழேயும் அதே மாதிரி அழுத்தித் துடைத்தாள். பின்னலை எடுத்து முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி அவர்களிடம் திரும்பி நடந்தாள்.

பையனின் அம்மா உற்றுப் பார்த்தார்கள். "கழுத்துல என்னம்மா அது?"

"வெண்புள்ளிங்க. ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றாள் சித்தி. இதைச் சொல்லும்போது அவள் என்னைத்தான் பார்த்தாள்.

கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். சொல்ல மாட்டார்கள் என்பது அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். இனி வியர்த்தால் என்ன. அம்மா முன் சீட்டில் எங்கள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். காவல் இருக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் நான்தான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. காவிரிப் பாலத்தில் காற்று அடித்தது. சித்தி கட்டை விரலால் என் காதுக்குக் கீழே மெதுவாக ஒருமுறை தடவினாள்.

இன்னும் மேக்கப் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது போல என்று நினைத்து, நான் பாவாடை நுனியால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.