உடப்புசல்லாவையில் இருந்த சாவி

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கும் அரிசிக் கடைக்கும் நடுவில் ஒரு கார் மட்டும் நிற்கிற இடம். அங்கேதான் கஜேந்திரன் வேலை செய்கிறார். பெயர்ப் பலகை கிடையாது. ‘வயரிங் பாஸ் எங்க?’ என்று கேட்டால் யாராயிருந்தாலும் கை காட்டுவார்கள்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கொழும்பில் ஒரு கராஜில் பதினொரு வருடம் வாகனங்களின் மின்சார வேலை பார்த்தார். பெட்ரோலுக்காக நாடே வரிசையில் நின்ற வருடத்தில் அந்தக் கராஜ் மூடப்பட்டது. தன்னுடைய மீட்டரையும் ஸ்கேனரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்தவர், பிறகு திரும்பிப் போகவில்லை.

அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்தாலும் ‘சரியாயிருச்சு’ என்று சட்டென்று சொல்லமாட்டார். ‘ஓட்டிப் பாருங்க’ என்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் ஒரு தடவை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார். லோஜினி மிஸ்ஸின் கார் விஷயத்தில் நடந்தது அது.

லோஜினி தோட்டங்களுக்குப் போகிற மருத்துவமாது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. மழையில் ஸ்கூட்டரில் இரண்டு முறை விழுந்த பிறகு, பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினார். வாங்கி எட்டு மாதத்தில் அது ஏற்றங்களில் நிற்கத் தொடங்கியது.

“பத்து நிமிசம் ஆறப்போட்டா தானா ஸ்டார்ட் ஆகுதுண்ணே. அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது” என்றார் லோஜினி.

கஜேந்திரன் பார்த்தார். எஞ்சின் சுற்றுவதைக் கணக்கெடுக்கும் சென்சரில் சந்தேகம் வந்தது. அதை மாற்றினார். இரண்டு நாள் தானே ஓட்டிப் பார்த்தார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

“இனி நிக்காது மிஸ். தைரியமா போங்க.”

மூன்றாவது வாரம், லிந்துலைக்கு மேலே ஒரு வளைவில், நல்ல மழையில் கார் நின்றது. பின்னால் வந்த பஸ் ஒரு முழ இடைவெளியில் பிரேக் போட்டு நின்றதாம். லோஜினி மறுநாள் வந்து இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று கஜேந்திரனுக்குத் தோன்றியது.

“நான்தான் தப்பா சொல்லிட்டேன் மிஸ்” என்றார். “இது நிக்கிற நேரத்துல நான் பக்கத்துல இருக்கணும். ஒரு நாள் என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க.”

அடுத்த புதன்கிழமை மடியில் மீட்டரோடு இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு தோட்டங்கள் சுற்றிவிட்டு மூன்றாவதுக்கு ஏறும்போது எஞ்சின் இருமல்கூட இல்லாமல் அணைந்தது. லோஜினி ஹேன்ட் பிரேக்கை இழுத்தார். கஜேந்திரன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பொனட்டைத் திறந்தார்.

சென்சர்களுக்கு எப்போதும் ஐந்து வோல்ட் வந்துகொண்டிருக்க வேண்டும். அன்று ஒன்றுமே இல்லை. ஏதாவது ஒரு சென்சர் கெட்டு மற்றவற்றையும் இழுத்துப் பிடிக்கிறதோ என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். அப்போதும் இல்லை. அந்த ஐந்து வோல்ட்டை அனுப்புகிற எஞ்சின் கொம்பியூட்டருக்குப் பேட்டரி மின்சாரம் சரியாகப் போகிறது, பூமிக் கம்பியும் சரி. உள்ளே போவது இருக்கிறது, வெளியே வருவது இல்லை. உள்ளங்கையை அந்தத் தகரப் பெட்டி மேல் வைத்துப் பார்த்தார். சுட்டது.

“மிஸ், இதான். சூடேறினா இது செத்துப்போகுது. ஆறினா உசுரு வருது.”

“அப்ப சென்சரு?”

“அது நல்ல சென்சர். பாவம், அத சும்மா கழட்டிப்புட்டேன்.”

லோஜினி சிரித்துவிட்டார்.

புதிய கொம்பியூட்டர் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றார்கள். நானுஓயா வீதியில் உடைந்த வாகனங்களை வாங்கிப் பிரித்து விற்கிற பக்கீரிடம் அதே இலக்கமுள்ள பெட்டி ஒன்று இருந்தது. மண்சரிவில் நசுங்கிய காரிலிருந்து கழற்றியது. பெட்டியில் கீறல்கூட இல்லை. கஜேந்திரன் அதைக் கொண்டுவந்து மாட்டி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுழன்றதே தவிரப் பற்றவில்லை. மீட்டர் பலகையில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அவருக்கு உடனே புரிந்தது. அந்தப் பெட்டி தன்னுடைய பழைய சாவியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. வேறு சாவி கண்டால் எஞ்சினுக்கு உத்தரவு கொடுக்காது. பக்கீருக்குப் போன் போட்டார்.

“சாவி வரல்ல தம்பி” என்றார் பக்கீர். “நான் கேட்டேன். வண்டிய வித்த மனுசன் தரமாட்டேன்டு சொல்லிட்டார். உடப்புசல்லாவையில இருக்கார், வீரய்யாண்டு. போய்க் கேட்டுப் பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை கஜேந்திரன் இரண்டு பஸ் மாறி உடப்புசல்லாவைக்குப் போனார். வீரய்யா தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது சரிந்த மண். நிறுத்தி வைத்திருந்த காரின் மேல்தான் அது விழுந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் வீரய்யா சொன்னார்: “வண்டிய வித்தேன். சாவிய விக்கல தம்பி.”

“ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க?” என்றார் தேநீரோடு வந்த அவர் மனைவி காளியாயி. “வண்டியே இல்லாத சாவி யாருக்கு?”

வீரய்யா தேநீரை வாங்கி விருந்தாளியிடம் நீட்டினார். கஜேந்திரனைப் பார்த்துத்தான் பேசினார்.

“முப்பத்திரண்டு வருசம் லொறி ஓட்டுனேன். தெனம் அந்திக்கு சாவிய ஆபீஸ் ஆணியில மாட்டிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். இது ஒண்ணுதான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்த சாவி.”

கஜேந்திரன் தேநீரைக் குடித்தார். வற்புறுத்த அவருக்கு மனம் வரவில்லை. கிளம்பலாம் என்று எழுந்தவருக்கு, சுவரில் தொங்கிய சாவியின் தடித்த கறுப்புத் தலை கண்ணில் பட்டது. மறுபடி உட்கார்ந்தார்.

“ஐயா, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இந்தப் பிளாஸ்டிக் தலைக்குள்ள அரிசியளவு ஒரு சிப்பு இருக்கும். கொம்பியூட்டருக்குத் தெரிஞ்சது அது மட்டுந்தான். அத எடுத்துட்டு அப்படியே ஒட்டித் தந்தா போதுமா?”

“வெளிய பாத்தா தெரியுமா?”

“தெரியாது.”

வீரய்யா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “என் முன்னாடியே செய்யுங்க.”

மேசை மேல் செய்தித்தாள் விரித்து, மெல்லிய கத்தியால் பிளாஸ்டிக் தலையின் விளிம்பை நெம்பினார் கஜேந்திரன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். கறுப்பு அரிசி மாதிரி ஒன்று உருண்டு வந்தது. காளியாயி அதை விரல் நுனியில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இம்புட்டுத்தானா!” என்றார். சாவியை ஒட்டித் துடைத்துக் கொடுத்ததும் வீரய்யா விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“யாரு வண்டி அது?”

“மருத்துவமாது மிஸ்ஸோடது. ஏத்தத்துல நின்னு நின்னு போகுது.”

“ஐயையோ, இத மொதல்லயே சொல்றதில்லையா? கொழுந்து லோட்டோட ஏத்தத்துல நின்னிருக்கேன், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். வண்டி ஓடுனா ஒரு போன் போடுங்க.”

மறுநாள் காலை அந்தச் சிப்பை லோஜினியின் சாவித் தலையில் இருந்த சிப்புக்குப் பதிலாக வைத்து மூடினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. எஞ்சின் பற்றியது. அவர் முதலில் வீரய்யாவுக்குத்தான் போன் எடுத்து, எஞ்சின் பக்கத்தில் பிடித்தார்.  அந்தப் பக்கமிருந்து, “ஆமா, சத்தம் நல்லாத்தான் இருக்கு” என்று கேட்டது.

“சரியாயிருச்சாண்ணே?” என்றார் லோஜினி.

“ஓட்டிப் பாப்போம் மிஸ். நானும் வாறேன்.”

கார் ஏறியது. நின்ற வளைவுகளையெல்லாம் கடந்து மேலே போனது. வேண்டுமென்றே வெயிலில் நிறுத்தி எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டார் கஜேந்திரன். மீண்டும் ஏறச் சொன்னார். பெட்டியில் கை வைத்துப் பார்த்தார், இளஞ்சூடுதான். திரும்பலாம் என்று சொல்வதற்குள் லோஜினி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, பிள்ளைக்காம்பராவுல இன்னைக்கு நிறை பாக்கிற நாள். அம்மாமாரு காத்துக்கிட்டு இருப்பாங்க. முடிச்சுட்டு இறக்கி விடட்டுமா?” என்று கேட்டார்.

அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற அந்த மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். தராசைத் தொங்கவிட லோஜினிக்கு உத்தரம் எட்டவில்லை. கஜேந்திரன் ஒரு மர வாங்கில் ஏறி மாட்டிக் கொடுத்தார். முள் பூச்சியத்துக்குச் சற்றுத் தள்ளி நிற்பதைப் பார்த்து, திருகாணியைத் திருப்பிச் சரிசெய்தார்.

“முள்ளு எங்க நிக்குதுன்னு நீங்களே சொல்லுங்கண்ணே, நான் எழுதுறேன்” என்றார் லோஜினி.

தராசுத் தொட்டிலில் முதலில் தொங்கிய பையன் காலை உதைத்து அலறினான். முள் ஆடிக்கொண்டே இருந்தது. கஜேந்திரன் அது அடங்கும்வரை பொறுமையாக நின்றார்.

“ஏழு கிலோ நானூறு” என்றார்.