பழைய ஹெட்டை ஏன் தூக்கிப் போடச் சொன்னேன்

"புதுசே போட்டுருங்க" என்று சொன்னது நான்தான். மெக்கானிக் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். செருப்பு வார் அறுந்தால் இரண்டு முறை தைத்துப் போட்டுக்கொள்கிறவன், மிக்ஸி ஜாடியின் விரிசலுக்குப் பசை வைத்துப் பார்க்கிறவன் நான். அதனால்தானோ என்னவோ அவர் கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

எங்களுடையது பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் கார். அந்த ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. பின்னால் வெள்ளைப் புகை. டிரைவர் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். ஒரு லோடு வேனைப் பிடித்து, கயிறு கட்டி இழுத்துவந்து, துறைமுகச் சாலையில் எங்களுக்குப் பழக்கமான ஷெட்டில் விட்டோம்.

டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். இளமையில் விசைப்படகில் போனவர், பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒன்பது வருடம் எங்கள் வீட்டுக்குத் தினமும் வந்தார். நான் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வெளியே போவது குறைந்தபின், ஞாயிறு மட்டும் போதும் என்றேன். பூசை முடிந்து வருவார். மற்ற நாள்களில் வங்கிக்கும் மார்க்கெட்டுக்கும் நானே ஓட்டிக்கொண்டேன். ஒரு நாள் வேலையை வைத்துக்கொண்டு அவர் குடும்பம் எப்படி ஓடும்? அந்த ஷெட்டுக்காரர்தான் அவருக்கு நிரந்தர வேலைக்கு வழி பார்த்திருந்தார். உப்பளம் வைத்திருக்கும் ஒரு வீட்டில் புது வண்டி வாங்கியிருந்தார்கள், டிரைவர் தேடினார்கள். எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் டிரைவரை மெக்கானிக்கிடம் விசாரித்துத்தான் சேர்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை அவர்கள் ஷெட்டுக்கு வருவதாக இருந்தது.

திங்கட்கிழமை ஹெட்டைக் கழற்றினார்கள். டிரைவரும் என்னோடு வந்திருந்தார். எஞ்சினுக்கு மேல் மூடிபோல் உட்கார்ந்திருக்கும் அலுமினிய வார்ப்பு அது. சூட்டைத் தணிக்க அதற்குள் தண்ணீர் ஓடும் துளைகள் உண்டு. மெக்கானிக் அதைக் கவிழ்த்து வைத்தார். துளைகளைச் சுற்றி விளிம்பு அரித்துப் போயிருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். வெள்ளையாகப் பொரிந்து விழுந்தது. ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பு! என்ன சார், வண்டிய கடல்ல எறக்கி ஓட்டுனியளா? கடல்ல ஓடுற போட்டு எஞ்சின்கூட இதவிட நல்லா இருக்கும்."

சிரித்துவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நீதானல இந்த வண்டியப் பாக்க? ரேடியேட்டருக்குத் தண்ணி எங்கன பிடிச்சு ஊத்துத?"

டிரைவர் என்னைப் பார்த்தார்.

எங்கள் ஊர் வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை வருவது நல்ல தண்ணி. அதைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்து, குடிக்கவும் சமைக்கவும் அளந்து செலவு செய்வோம். போர்வெல்லிலிருந்து வருவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்ற அதுதான். நல்ல தண்ணீரில் கை அலம்பினால்கூட என் மனைவியின் முகம் மாறிவிடும். காரின் ரேடியேட்டரில் சிறு கசிவு இருந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர் குறையும். டிரைவர் தினமும் வந்த காலத்தில் தன் வீட்டிலிருந்தே ஒரு கேனில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். ஞாயிறு மட்டும் வரத் தொடங்கியபின் அந்த வேலை எனக்கு வந்தது. முதல் வாரம் குடத்திலிருந்து எடுத்து ஊற்றினேன். அப்புறம் சோம்பல். செடிக்குப் போகிற ரப்பர் குழாய் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது.

முப்பத்தைந்து வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். உப்பு நீர் அலுமினியத்தை என்ன செய்யும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. டிரைவர் ஒவ்வொரு ஞாயிறும் பானட்டைத் திறந்து, "சார், நல்ல தண்ணிதான ஊத்துதிய?" என்று கேட்பார். "ஆமா தம்பி" என்பேன். ஆறு மாதம் அப்படிச் சொன்னேன்.

அன்று ஷெட்டில் மெக்கானிக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இது: "அதெல்லாம் தம்பிதான் பாத்துக்கிடுவாரு."

நாக்கு தானாக உருண்டு சொன்னதுபோல் இருந்தது. டிரைவர் வெளியே போய்ச் சாலையைப் பார்த்தபடி நின்றார். மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். அதற்குப் பிறகுதான் கேட்டார்: "என்ன செய்ய சார்? அரிச்ச எடத்துல வெல்டிங் வச்சு, லேத்துல குடுத்து மேல மட்டமா சீவுனா இதே ஹெட்டு ஓடும். புதுசுன்னா மதுரையில இருந்து வரணும், மூணு மடங்கு..."

"புதுசே போட்டுருங்க. இத இரும்புக்கடைக்குப் போட்டுருங்க."

காருக்காகச் சொல்லவில்லை. ஹெட்டை லேத்துக்கு அனுப்பினால் அங்கே இன்னொருவர் பார்ப்பார். இது ஒரு நாள் வேலை இல்லை, மாதக்கணக்கில் ஏறிய உப்பு என்பார். அப்போது யாராவது கணக்குப் போடுவார்கள், மாதக்கணக்கில் அந்த வண்டி யார் கையில் இருந்தது என்று. அந்த உலோகம் கண்ணிலிருந்து மறைய வேண்டும் என்று இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்தபின் உட்கார முடியவில்லை. செய்தித்தாளை எடுத்தேன், ஒரே பத்தியை மூன்று முறை படித்தேன். கேட் வரை போனேன், வந்தேன். மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். செவ்வாய்க்கிழமைக்குள் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டால் போதும் என்று ஒரு எண்ணம். டிரைவரே உண்மையைச் சொல்லியிருப்பார், நாம் எதற்கு என்று இன்னொரு எண்ணம். மெக்கானிக்குக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும், "பழச தூக்கிப் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டு வைத்தேன். செவ்வாய்க்கிழமை முழுவதும் அந்தச் சாலைப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் போன் அடித்தபோது எடுக்கவில்லை.

புதன்கிழமை தண்ணீர் வரும் நாள். மனைவி குடங்களை வரிசையாக வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் நடையைப் பார்த்து எரிச்சல் வந்திருக்க வேண்டும்.

"எதுக்கு இப்படிக் கூண்டுல அடைச்ச கோழி கணக்கா அலையுதிய? புது ஹெட்டு வாங்க அவ்வளவு அவசரமா?"

"வண்டி இல்லாம எப்படி?"

"ஆஸ்பத்திரிக்கே ஆட்டோல போங்கிற ஆளு நீங்க." குடத்தை நகர்த்தினாள். "அந்த மனுசன் ஊத்துனாருன்னா சொன்னிய அங்கன?"

நான் ஒரு காலிக் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தேன்.

"நேத்து அவரு சம்சாரத்த மார்க்கெட்டுல பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா. என்னன்னு கேட்டப்பதான் சொன்னா. ரப்பர் குழாய ரேடியேட்டருக்குள்ள விட்டுக்கிட்டு நீங்க நின்னத எத்தன நாளு நான் சமையக்கட்டு ஜன்னல் வழியா பாத்திருக்கேன்? நல்ல தண்ணிய எடுக்காம விட்டியளேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். என் மேலயும் தப்புதான்." குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "போயிச் சொல்லிட்டு வாங்க."

ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். அவர் வெளியே வரும்வரை காத்திருந்தால் மனம் மாறிவிடும் என்று தோன்றியதால், அவருடைய கால்களிடமே சொல்லி முடித்தேன். ஆறு மாதமாக உப்புத் தண்ணீர் ஊற்றியது நான், டிரைவருக்கு அதில் சம்பந்தமில்லை, அவரிடமும் பொய் சொன்னேன். கால்கள் அசையவில்லை. பிறகு மெதுவாக வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார்.

"நேத்து அவிய வந்துட்டுப் போயிட்டாவ சார். உப்பளத்து வீட்டுக்காரவிய. கைசுத்தமான ஆளுதான், ஆனா ரேடியேட்டருக்கு உப்புத் தண்ணி ஊத்துவான்னு நானே சொன்னேன். சாயங்காலம் உங்களுக்குப் போன் போட்டேன், ஒங்க வாயாலயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடலாம்னு. எடுக்கல நீங்க."

என் முன்னாலேயே அந்த வீட்டுக்குப் போன் செய்தார். விளாத்திகுளத்திலிருந்து இன்னொரு டிரைவர் வந்து காலையிலேயே வண்டிச் சாவி வாங்கிவிட்டாராம். போனை வைத்தபின்பும் மெக்கானிக் என்னைத் திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா சார்" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. பழைய ஹெட் சுவரோரம் சாக்கு மூடிக் கிடந்தது. தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லையாம். புதியது வேண்டாம், இதையே வெல்டிங் வைத்து மாட்டுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார், அவ்வளவுதான்.

டிரைவர் வீடு கோயிலுக்குப் பின்னால், கடலை ஒட்டிய தெருவில். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல் எழுந்தார், ஆனால் நாற்காலியை என் பக்கம் தள்ளவில்லை. மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"நீங்க சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே நின்னேன் சார்" என்றார். "ஒரு நிமிசம் இருக்கும்லா? நான் மறுத்துப் பேசியிருந்தா வாத்தியாரு பொய் சொல்லுதாருன்னு ஆவும். ஒன்பது வருசம் சோறு போட்ட வீடு. ஆனா சார், அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒங்க மேல வந்த கோவம்..."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "கோவத்தச் சொல்லி என்னத்துக்கு? வேலைக்கு என்ன வழின்னு கேளுங்க."

வேறு இடத்தில் நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். அவர் தலையசைத்தார்.

"பேச வேண்டாம் சார். எழுதிக் குடுங்க. ஷெட்டுல சொன்ன பேச்சு இந்நேரம் நாலு ஷெட்டுக்குப் போயிருக்கும். நான் எங்க போயி நின்னாலும் அதத்தான் கேப்பாவ. தண்ணி ஊத்துனது நான்தான்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தா காட்டலாம்லா."

எத்தனையோ மாணவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிய கை. டிரைவர் தன் மகளுடைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். நின்றபடியே, ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதினேன். என் பெயர், நான் பார்த்த வேலை, அவர் எங்களிடம் ஓட்டிய வருடங்கள், பிறகு அந்த வரி: 'சில நாள்கள் என் கவனக்குறைவால் உப்பு நீரை ஊற்றிவிட்டேன்.'

அவர் வாங்கி வாய்விட்டுப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"சில நாள் இல்லயே சார். ஆறு மாசம். கவனக்குறைவும் இல்ல. நான் வாரா வாரம் கேட்டேன்."

பேனாவை எடுத்து அந்த வார்த்தைகளை அடிக்கப் போனேன். அவர் தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அடிச்சு எழுதுனா யாரும் நம்ப மாட்டாவ" என்று சொல்லி, உள்ளே போய் இன்னொரு தாள் கிழித்து வந்தார். மறுபடி முதலிலிருந்து எழுதினேன். ஆறு மாதம் என்று எழுதினேன். தெரிந்தே என்றும் எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.