பட்டி பார்த்த சுவர்

அலமாரியின் முன்பக்கத்தை வெள்ளையக்கா பார்ப்பதே இல்லை. கடைக்குள் நுழைந்ததும் நேராகப் பக்கவாட்டுக்குப் போய், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இருக்கிற நாலு விரல் இடைவெளியில் கையை விட்டு அதன் முதுகைத் தடவுகிறார். கண் மூடியிருக்கிறது. கடைப்பெண் பக்கத்தில் வந்து, "ஏதாவது வேணுமா மேடம்?" என்கிறாள்.

"வேணாம்மா. பின்னாடியும் பூசியிருக்காங்களான்னு பாத்தேன். பூசியிருக்காங்க. நல்லா இருங்க."

கடையையே வாழ்த்திவிட்டு அடுத்த நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கப் போய்விட்டார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பெயின்டர். வீடு, பள்ளிக்கூடம், கம்பிக்கதவு, மாடிப்படி எதுவானாலும் அடிப்பார். கூட வேலை செய்வது அவருடைய நாத்தனார். இரண்டு பேரும் ஏணியின் இரண்டு பக்கம் மாதிரி. ஒருவர் இல்லாமல் மற்றவர் நிற்க முடியாது, ஆனால் எதிரெதிர்ப் பக்கம்தான் சாய்வார்கள். சனிக்கிழமை மதியத்தோடு வேலையை முடித்து, முழங்கையில் விட்டுப்போன பெயின்ட் பொட்டுகளோடு ஊர் சுற்றக் கிளம்புவார்கள். முதலில் விளக்கும் நாற்காலியும் விற்கிற அழகான கடைகள், அப்புறம் ஓவியக் கண்காட்சி, கடைசியில் ஏதாவது ஒரு கட்டடம். மூன்று சனிக்கிழமை நானும் பின்னாலேயே போனேன். இந்த ஊரில் இத்தனை வருஷம் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் நடந்திருக்கிறேன்!

ஒரு கண்காட்சியில் ஆள் உயரத்துக்கு ஓர் ஓவியம். முழுக்க வெள்ளை. ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது. அக்கா அதன் முன்னால் இருபது நிமிஷம் நின்றார்.

"அண்ணி," என்றார் நாத்தனார், "இதே மாதிரி காலையில நாலு சுவர் அடிச்சோம். ஒருத்தனும் டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கல."

"நாம மூலையில ஆரம்பிப்போம். இந்த ஆளு நடுவுல ஆரம்பிச்சிருக்காரு, பாரு. பிரஷ் இங்கதான் மொதல்ல வெச்சிருக்கு. எவ்வளவு தைரியம்."

"நம்ம வீட்டு நடுச்சுவர்ல உங்க அண்ணன் மகன் கூடத்தான் தைரியமா கிறுக்கி வெச்சான். அவனுக்கு மட்டும் அடி விழுந்துச்சு."

அக்கா சிரித்த சிரிப்பில் காவலாளி எழுந்து வந்துவிட்டார்.

கட்டடம் என்றால் இன்னும் மோசம். பழைய டெலிபோன் ஆபீஸுக்கு எதிரே, மாலை நாலு மணிக்கு, நடைபாதையில் அப்படியே நின்றுவிடுவார். ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் ஒரு சிமென்ட் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு அதன் நிழல் எல்லா ஜன்னலிலும் சரியாகப் பாதி வரை இறங்கியிருக்கும். அக்கா காற்றில் விரலால் அந்தக் கோட்டை இழுத்துப் பார்ப்பார். "வெயில் மட்டப்பலகை வெச்சு அடிச்ச மாதிரி இருக்கு." நாத்தனார் அவரைப் பின்னாலிருந்து தள்ளுவார். "பஸ் வருது அண்ணி. கட்டடம் எங்கயும் போகாது."

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டேன். நாத்தனார் முந்திக்கொண்டார். "பிடிக்கல. இவங்களே போய்ப் பிடிச்சாங்க. பட்டி போட்டு."

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்க் கண்காட்சிக் கூடத்தில் கழிவறைக்கும் ஆபீஸ் அறைக்கும் பெயின்ட் அடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. சுவரின் குழி அடைக்கிற பட்டி மிச்சம், வெள்ளை பெயின்ட் மிச்சம். வெளியே வந்தால் மாடிப்படி ஓரமாக மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர், பூச்சே இல்லாமல், கான்கிரீட் ஊற்ற அடித்த சென்ட்ரிங் பலகையின் தடம் வரிவரியாகத் தெரிய நிற்கிறது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், ஆள் வைக்கக் காசு இல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, கீழ்த்தளத்தில் கை எட்டுகிற வரைக்கும் பட்டி பார்த்து, தடமெல்லாம் அடைத்து, இரண்டு கோட் வெள்ளை அடித்து, பளிங்கு மாதிரி ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். இலவசமாக. சொல்லாமல்.

மறுநாள் கூடத்தின் பொறுப்பாளர் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவாயில்லம்மா," என்றார்.

"அந்த ஒரு வார்த்தைதான். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசிட்டு மறந்திருப்பேன். பரவாயில்லன்னு சொல்லிட்டாரே," என்றார் அக்கா.

அப்படி என்னதான் கெட்டுப்போனது என்று பார்க்க, அதே மாதிரி பூசாத கட்டடங்களைத் தேடித் தேடிப் போனார். ஐந்தாவதோ ஆறாவதோ கட்டடத்தில், நூலகத் தூண் ஒன்றைத் தடவும்போது, மரத்தின் நரம்பு கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருப்பது கையில் பட்டிருக்கிறது. "பூசாம விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். பூச வேணாம்னு உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணியிருக்காங்க." சக பெயின்டர்கள் வெள்ளையக்கா என்று பட்டம் வைத்ததும் அந்தச் சுவரால்தான்.

இந்த மாதம் கூடத்தைப் புதுப்பிக்கிறார்கள். அந்த வெள்ளையை எடுக்க மணல் பீய்ச்சுகிற இயந்திரம் வைத்தால் பலகைத் தடமும் சேர்ந்து போய்விடும். அதனால் கீழ்த்தளம் முழுக்க மரப்பலகை அடித்து மூடிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. அக்கா போய் நின்றார். ஒரு சாண் இடம் கையால் எடுத்துக் காட்டுகிறேன், உள்ளே வரி உயிரோடு இருந்தால் முழுச்சுவரையும் எனக்குக் கொடுங்கள், செத்திருந்தால் மூடிக்கொள்ளுங்கள் என்றார். பொறுப்பாளர் ஒரு காலை நேரம் கொடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை அது. பெயின்ட்டை இளக்குகிற பசையைத் தடவி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, அக்கா, நாத்தனார், நான் மூன்று பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நாத்தனார் பையைத் துழாவினார்.

"இரும்புத் தகடு வேணாமா அண்ணி?"

"மரக்கரண்டி குடு."

வெள்ளை சுருண்டு வந்தது. கீழே பட்டி. ஈரத்துணியை ஒற்றி ஒற்றி எடுத்து, மரக்கரண்டியை ஓரத்தில் நுழைத்து அக்கா லேசாகத்தான் நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி ஒரே வில்லையாகக் கழன்று கையில் விழுந்தது. பின்னால் வந்து நின்ற பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "எப்படிம்மா இவ்வளவு சுலபமா வருது?"

அக்காவின் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "பட்டி சுவரைப் பிடிக்க அடியில பிரைமர் அடிக்கணும் சார். அடிக்கல."

"ஏன்?"

"ஓசி வேலைதானேன்னு..."

நாத்தனார் படியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பிரைமர் அடிக்காம பட்டி போட்டா கைய ஒடிப்பேன்னு என்னை இருபது வருஷமா மெரட்டின பொம்பள இது. சார், எழுதி வெச்சுக்குங்க."

"சும்மா இரு. தண்ணி ஊத்து."

பல் துலக்குகிற பிரஷ்ஷால் அக்கா கடைசிப் பொடியைக் கழுவினார். சாம்பல் நிறம் வந்தது. வரி வந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக, மெல்லியதாக, மரத்தின் நரம்பு. நடுவில் ஒரு கணு, சுற்றிச் சுற்றி வளையத்தோடு, நேற்றுதான் பலகையைப் பிரித்தது போல. நாத்தனாருக்குச் சிரிப்பு நின்றுபோனது. பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"முழுச்சுவரும் உங்களுக்குத்தான்மா," என்று சொல்லிக்கொண்டே கணுவைத் தொடக் கையை நீட்டினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ஈரம் சார்."

பிறகு முந்தானையை ஒதுக்கிச் செருகிக்கொண்டு, சுவருக்கு மிகப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், அந்தக் கணுவின் மேல் மெதுவாக ஊத ஆரம்பித்தார்.