சாம்பலால் போட்ட தோட்டப் படம்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு கூட்டம் நடந்தது. லுக்குட் டவுனிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில் இருந்தது அந்தத் தோட்டம். ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசியும் முன்போல வருவதில்லை. மரங்களைச் சாய்த்து மரவள்ளி போடவேண்டும், எந்த நிலத்தை எதற்கு விடுவது என்று வருங்காலத்தையும் யோசித்து எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்யலாம் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லி அனுப்பினார். எல்லாரும் கூடிப் பேசியாம்!

காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், அடுப்புச் சாம்பலைத் தூவித் தோட்டம் முழுவதையும் தரையில் படமாகப் போட்டிருந்தார் கிராணி. ஆறு, நாங்கள் குடியிருந்த லயம், கோயில், சாலை எல்லாம் இருந்தன. ஜப்பான்காரன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் காலைச் சொறிந்துகொண்டிருந்தான்.

ஆற்றோரத்துக் கறுப்பு மண் கிராணிக்கும், ஆள்களை வேலை வாங்கும் கங்காணிக்கும் என்று முன்னமே கோடு விழுந்திருந்தது. லயத்து ஜனங்களுக்குக் கோயிலுக்குப் பின்னால் இருந்த மேடு. படத்தில் அது வெறும் கட்டம். எங்களுக்கு அது மயானம். முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் போன என் பெண் குழந்தை, தவழ ஆரம்பித்திருந்தவள், அங்கேதான் கிடந்தாள்.

தோட்டத்துப் பள்ளியில் படித்த கொஞ்சம் எழுத்துதான் என் படிப்பு. சபையில் பேசிப் பழக்கமில்லை. மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு முன்னே போனேன்.

"கிராணி ஐயா, அது நம்ம பொதைக்கிற எடமுங்க. படத்துல காணோமே?"

"படத்துல இல்லேன்னா இல்லதான்."

"அந்த மண்ணுல வெளையுற கிழங்க யாருங்கய்யா திங்கிறது? ஆத்தோரத்துல எடம் கெடக்குதே."

கங்காணி முந்திக்கொண்டார். "இருக்கிறவனுக்கே எடமில்ல, நீ செத்தவனுக்குப் பங்களா கேக்குறியா? சரி, அங்க படுத்திருக்கிறவங்கள்ல யாருக்கு ஆட்சேபனையோ, கை தூக்கட்டும்லா!"

சிரித்தார்கள். கங்காணி சிரித்ததை விடுங்கள். என் பிள்ளையை எடுத்துப் போனபோது கூடவே மண்வெட்டி தூக்கி வந்தாரே பக்கத்து வீட்டுக்காரர், அவரும் சிரித்தார். பெற்றவர்களை அந்த மேட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே ஜப்பான்காரனும் சிரித்தான். பிறகு, "சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் கிராணி. எல்லாக் கைகளும் எழுந்தன. அரிசிப் பங்கு கங்காணியிடம் இருந்ததால் பயந்தார்கள் என்று சொல்லலாம். பயத்தில் கை தூக்கலாம். சிரிக்க வேண்டியதில்லையே.

"நீங்களே பாப்பா கெடக்குற எடத்தக் கேட்டு வாங்கிருங்க. வேத்தாளு மம்புட்டி அவ மேல படக்கூடாது" என்றாள் மனைவி. மறுநாள் கங்காணியிடம் போய் நின்றேன்.

"நேத்து அம்மாம் பேச்சு பேசுன. இன்னிக்கி ஒனக்கே வேணுமா? கடைசில வயிறுதான்லா பெரிய சாமி" என்று சொல்லி இடத்தைக் கொடுத்தார்.

நிலத்தைச் சும்மா போட்டால் அடி விழும். குழந்தையின் இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிலும் மரவள்ளிக் குச்சி நட்டோம். கிழங்கைத் தோண்டமாட்டோம் என்று ஆத்தா முன்னால் சூடம் கொளுத்திச் சொன்னோம். பசித்தபோது காட்டுக் கீரையை அவித்துத் தின்றோம்.

கிழங்கு விளைந்ததும் மற்றவர்கள் தோண்டினார்கள். ஆனால் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. கூடையில் சுமந்து லுக்குட்டுக்குப் போய் உப்புக்கும் கருவாட்டுக்கும் மாற்றினார்கள். "நாமளா திங்கிறோம் அண்ணே? டவுன்காரனுக்கு எந்த மண்ணுன்னு தெரியவா போவுது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் நெற்றியில் அன்றும் திருநீறு இருந்தது.

ஒரு நாள் மேட்டுக்குப் போனால் எங்கள் செடிகள் எல்லாம் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. செடியே இல்லாத அந்த இடத்தையும் கிளறியிருந்தார்கள். நல்லவேளை, ஆழமாகப் போகவில்லை. நானும் மனைவியும் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினோம். அவள் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு துண்டுக் கருவாடு.

"சும்மா அழுவிப் போவுதேன்னு நாந்தான் தோண்டி எடுத்துட்டுப் போனேன். இது ஒங்க பங்கு அண்ணே. புள்ளைங்களுக்குக் குடுங்க."

என் மற்றப் பிள்ளைகள் அந்தக் கருவாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவி அவர்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.