மஞ்சள் காப்பும் சிலிக்கான் இரைச்சலும்

மலேசியாவில் சுங்காய் ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நான், எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். என் வேலை இரைச்சல் பார்ப்பது, அதாவது டிரான்சிஸ்டருக்குள் மின்சாரம் போடும் சலசலப்பை அளப்பது! டிரான்சிஸ்டரைச் சொருகினால் மீட்டரில் முள் எழும்பும். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அது கழிவு. எவ்வளவு நல்ல சரக்கானாலும் முள் பூஜ்யத்தில் மட்டும் படுக்காது.

"சூடு இருக்கிற வரைக்கும் எலக்ட்ரான் சும்மா உக்காராதுலா. குளிர வச்சா கொஞ்சம் அடங்கும், ஆனா வாயை மூடாது. உன்னை மாதிரிதான்" என்பார் சூப்பர்வைசர் அக்கா.

மூன்று மாதச் சோதனைக் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. கழிவு கூடினால் மறுபடி மரம் வெட்டத்தான் போகவேண்டும். அந்த வாரம் பார்த்து, நான் தொட்டதெல்லாம் சிவப்பைத் தாண்டிக் குதித்தது! பக்கத்து மேசைகளில் ஒரு குறையும் இல்லை.

"என்னாடி, உன் கை பட்டாலே கத்துது? சாமி வந்துருச்சா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அக்காவே என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கும் குதித்தது. "மெஷின்தான் கோளாறு" என்று எழுந்துபோனார்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க அந்த வாரம்தான் இடது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தேன். வேண்டுதலே இந்த வேலை நிலைக்கத்தான்! அதே கையில்தான், உடம்பில் சேரும் மின்சாரம் தரைக்கு இறங்க ஒரு பட்டை மாட்டுவோம். அதன் தகடு தோலில் படாவிட்டால் அந்த மின்சாரம் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும்.

கை அரித்தது. சொறிவதற்காகப் பட்டையை முழங்கைப் பக்கம் ஏற்றினேன். அடுத்து எடுத்ததில் முள் சாதுவாக நின்றது. அதற்கடுத்ததிலும். அலாமாக்! பட்டையை இத்தனை நாளும் காப்புக் கயிற்றின் மேலேயே மாட்டியிருந்திருக்கிறேன்!

வேலை போனாலும் போகட்டும் என்று அக்காவிடம் ஓடினேன். பயத்தில் சிரிப்பு வேறு பொங்கியது. "அக்கா, மெஷின் இல்லக்கா, நான்தான்! காப்பு மேல பட்டையை மாட்டிட்டேன்."

அக்கா தன் சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளினார். பட்டை இருந்தது. அதற்கடியில் தடிமனாக மஞ்சள் கயிறு.

"வெளிய சொன்னே, கொன்னுடுவேன்" என்றவர் மறுநொடியே வரிசையைப் பார்த்து, "காப்புக் கட்டினவளுங்க பட்டையை மேல ஏத்துங்கடி! இதுகூடவா தெரியாது?" என்று கத்தினார்.

வேலை நிலைத்தது. தைப்பூசத்தன்று பக்கத்தில் பால்குடத்தோடு நடந்த அக்கா, முகத்தைத் திருப்பாமல் தன் மணிக்கட்டை மட்டும் என் பக்கம் ஆட்டிக் காட்டினார். சிரித்த சிரிப்பில் என் குடத்துப் பால் பாதி வழியிலேயே சிந்திவிட்டது.